முக்கால் கிரவுண்டில் ஓர் ஊறுகாய்!

சியாட்டில் நகரின் 52-ம் நம்பர் படகுத் துறையிலிருந்து பெயின்பிரிட்ஜ் தீவுக்கு ஃபெர்ரி போகிறது. முப்பத்தைந்து நிமிஷம். ஃபெர்ரி என்றதும் ஒகேனக்கல் பரிசலைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். சுமார் இருநூறு கார்களை வயிற்றில் போட்டுக்கொண்டு, ஏப்பம்கூட விடாமல் நகர்கிற சமாசாரம். மேல்தளத்தில் காபி கிடைக்கிறது. வானம் சுத்தமாக இருந்தால் தென்கிழக்கே ரெய்னியர் மலை, வெள்ளை வேட்டி கட்டின தாத்தா மாதிரி உட்கார்ந்திருக்கும். நாங்கள் போன ஜூலை சனிக்கிழமை, தாத்தா தரிசனம் கொடுத்தார்.

இந்த ஃபெர்ரியில் ஒரு விசித்திரம். ஆளுக்குப் போகும்போது மட்டும்தான் டிக்கெட். திரும்பி வருவது இலவசம். காருக்கு மட்டும் இரண்டு பக்கமும் வசூல்.

"தீவுக்குப் போனவன் எப்படியும் திரும்பித்தானே ஆகணும்? அதான் ஒரே தடவையா வாங்கிடறாங்க" என்று என் பி.காம். மூளையைக் காட்டினேன்.

"அப்ப கார் மட்டும் திரும்பாம அங்கேயே குடித்தனம் பண்ணுமா தம்பி?" என்றார் மாமா.

பி.காம். மூளை காபி குடிக்கப் போய்விட்டது.

மாமா என்றால் என் அக்காவின் மாமனார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து தஞ்சாவூரில் ரிட்டயர் ஆனவர். வருஷத்தில் சில மாதம் மகன் வீட்டுக்கு வந்து இருப்பார். வீடு சியாட்டிலுக்குக் கிழக்கே, கம்ப்யூட்டர் ஆசாமிகள் நிறைந்த புறநகரில். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனுக்கு லீவு லெட்டர் எழுத வேண்டிய அவசியம் இல்லை என்பதால், போன கோடையில் நானும் அங்கே போய் ஒட்டிக்கொண்டேன்.

"சியாட்டிலுக்கு வந்தா எல்லாரும் ஸ்பேஸ் நீடில் பார்ப்பாங்க. இவர் நம்மளை பேட்மிண்டன் கோர்ட் பார்க்கக் கூட்டிட்டுப் போறார்" என்றாள் அக்கா.

"பேட்மிண்டன் இல்லை. பிக்கிள்பால்" என்றார் அத்தான், சாமி பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி.

விஷயம் இதுதான். அத்தானுக்கு நாற்பத்திரண்டு வயசு. காலை எட்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டுக்குத்தான் நாற்காலியும் அவரும் பிரிவார்கள். கடைசி மெடிக்கல் செக்கப்பில் சுகர், எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டது. 'எதையாவது ஆடுங்கள்' என்றார் டாக்டர். பக்கத்துப் பார்க்கில் பிக்கிள்பால் ஆடப் போனார். அங்கே ரேஷன் கடைப் பை மாதிரி, மட்டையை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து நிமிஷ ஆட்டத்துக்கு முக்கால் மணி க்யூ. மூன்றாம் வாரம் வீட்டுக்கு வந்து பிரகடனம் செய்தார்: "நம்ம கொல்லையிலேயே ஒரு கோர்ட் கட்டிடறேன்!"

கொல்லை இருந்தது. காலியாகத்தான் இல்லை. நட்டநடுவே மாமாவின் பாத்தி. வெந்தயக் கீரை, தண்டுக் கீரை, பந்தல் போட்டு பீன்ஸ். அத்தை காலமான பிறகு, மாமாவுக்கு அமெரிக்காவில் இருக்கிற ஒரே சிநேகிதம் அந்தப் பாத்திதான். தவிர, கிழக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் அம்மாள் இருக்கிறார். ராத்திரி டியூட்டி. பகலில்தான் தூக்கம். பனி கொட்டின ஒரு காலையில் டியூட்டி முடிந்து வந்த கையோடு, அத்தான் வீட்டு வாசல் பனியையும் சேர்த்து வழித்துப் போட்டவர்.

இந்த இரண்டையும் அக்கா சொன்னாள். அத்தான், "முதல்ல இந்த ஆட்டம் பொறந்த ஊரைப் பார்த்துட்டு வருவோம்" என்று பேச்சை மாற்றியதன் பலன்தான் மேற்படி கப்பல்.

பெயின்பிரிட்ஜ் ரொம்பப் பெரிய தீவு இல்லை. ஜனத்தொகை சுமார் 25 ஆயிரம். தினமும் கப்பலேறி சியாட்டில் ஆபீசுக்குப் போய் வருகிற கூட்டம் நிறைய. நமக்குத் தாம்பரம் - பீச் மின்சார ரயில் எப்படியோ, அவர்களுக்கு இது. இறங்கினதும் வின்ஸ்லோ என்கிற சின்னக் கடைவீதி. ஐஸ்கிரீம், புத்தகக் கடை, நாய் கூட்டி வருகிற பெரியவர்கள். அதைத் தாண்டினால் ஊசியிலை மரங்கள், மரங்களுக்கு நடுவே வீடுகள், வீடுகளுக்கு நடுவே கடல்.

1965-ம் வருஷக் கோடை. தீவின் தென்மேற்கில் ஜோயல் பிரிச்சர்ட் என்பவருடைய வீடு. அப்போது மாநில சட்டசபை உறுப்பினர். பிற்பாடு அமெரிக்க காங்கிரசுக்குப் போனார், வாஷிங்டன் மாநிலத்தின் துணை கவர்னராகவும் இருந்தார். ஒரு சனிக்கிழமை அவரும் நண்பர் பில் பெல்லும் கோல்ஃப் ஆடிவிட்டுத் திரும்புகிறார்கள். வீட்டில் பிள்ளைகள் 'போர் அடிக்குது' என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. கொல்லையில் ஒரு பழைய பேட்மிண்டன் தளம் கிடந்தது. தேடினால் பேட்மிண்டன் செட் முழுசாக இல்லை. சரி, கிடைத்ததை எடு! டேபிள் டென்னிஸ் மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. முதலில் வலையை பேட்மிண்டன் உயரத்தில், அதாவது 5 அடியில் கட்டினார்கள். பந்து தார்த் தளத்தில் நன்றாக எழும்புகிறது என்று தெரிந்ததும் 3 அடிக்கு இறக்கினார்கள். அடுத்த வாரக் கடைசியில் பார்னி மெக்கல்லம் என்ற நண்பர் சேர்ந்துகொண்டார். அவர் வீட்டு பேஸ்மெண்டில் ப்ளைவுட்டை அறுத்து, பெரிய மட்டைகள் தயார்.

பெயர்க் காரணத்தில்தான் சண்டை. பிரிச்சர்டின் மனைவி ஜோன் வைத்த பெயர் என்பது ஒரு கட்சி. படகுப் போட்டியில், மற்றப் படகுகளில் இடம் கிடைக்காத மிச்சம் மீதி ஆட்களை ஏற்றி விடுகிற படகுக்குப் 'பிக்கிள் போட்' என்று பெயராம். பல ஆட்டங்களின் மிச்சம் மீதியில் பிறந்ததால் பிக்கிள்பால். இன்னொரு கட்சி, அவர்கள் வீட்டு நாய் பிக்கிள்ஸின் பெயர் என்று சொல்லும். அமெரிக்கப் பிக்கிள்பால் சங்கம் விசாரித்துப் பார்த்ததில், நாய் பிறந்தது 1968-ல். ஆட்டத்துக்குப் பெயர் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆக, ஆட்டத்தின் பெயரைத்தான் நாய்க்கு வைத்திருக்கிறார்கள். கடைசிவரை அந்த நாயை யாரும் கேட்கவில்லை.

அந்த வீடு தனியார் சொத்து. 2022 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தின் அதிகாரபூர்வ விளையாட்டாக பிக்கிள்பாலை அறிவிக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட, கவர்னரே அந்தப் பழைய தளத்துக்கு வந்தார். நாங்கள் கவர்னர் இல்லை. அடுத்தவர் வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்ப்பது எந்த ஊரிலும் மரியாதையும் இல்லை. எனவே பேட்டில் பாயின்ட் பூங்காவுக்குப் போனோம். அங்கே 'ஃபவுண்டர்ஸ் கோர்ட்ஸ்' என்று, ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஞாபகமாக ஆடுகளங்கள் இருக்கின்றன.

மர நிழல் பெஞ்சில் உட்கார்ந்து அத்தான் சரித்திரத்தை முழுக்க ஒப்பித்தார். மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆக, அந்தாளு கோர்ட்டே கட்டலே. ஏற்கெனவே கெடந்த தளம்" என்றார் மாமா.

"ஆமாம்ப்பா."

"அப்ப இதுக்குன்னே முதமுதல்ல கட்டினது யாரு?"

"1967-ல. பாப் ஓப்ரையன்னு ஒருத்தர். தன் வீட்டுக் கொல்லையில கட்டினார்."

"அவரு யாரு?"

அத்தான் கொஞ்சம் தயங்கினார். "பிரிச்சர்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்ப்பா."

அக்கா ஒன்றும் பேசவில்லை. அத்தானைப் பார்த்த பார்வையில் ஒரு நர்ஸ் அம்மாள் தெரிந்தார்.

அன்றைக்கு நானும் ஆடினேன். எதிரே எழுபது வயசுப் பாட்டி. 11-2 என்று என்னைத் துவைத்துக் காயப் போட்டார். 11 பாயிண்ட் எடுத்தால் ஜெயம், ஆனால் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும். வலைக்கு இரண்டு பக்கமும் 7 அடிக்குக் 'கிச்சன்' என்று பெயர். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. இருபது வருஷமாக வீட்டுக் கிச்சனில் எனக்கு என்ன மரியாதையோ, அதேதான் இங்கேயும். டபுள்ஸில் ஸ்கோர் சொல்வது இன்னும் வேடிக்கை. ஆட்டம் ஆரம்பிக்கும்போதே 'ஜீரோ, ஜீரோ, டூ' என்கிறார்கள். "இதென்ன, ஸ்கோரா பஸ் நம்பரா?" என்றார் மாமா.

வீடு திரும்பின மறுநாள் காலை, மாமா சணல் கயிறும் ஆணியுமாகக் கொல்லையில் நின்றார். தன் பாத்தி போகப் போகிறது என்று தெரிந்தும்தான். கோடு இருக்கிற ஆடுகளம் 20-க்கு 44 அடி. பேட்மிண்டன் டபுள்ஸ் அளவேதான். 880 சதுர அடி. ஆனால் ஓடித் திரும்ப இடம் வேண்டாமா? குறைந்தபட்சம் 30-க்கு 60 என்பது சங்கத்தின் சிபாரிசு. 1,800 சதுர அடி. நம்ம கணக்கில் சரியாக முக்கால் கிரவுண்டு! (மடிப்பாக்கத்தில் முக்கால் கிரவுண்டு என்ன விலை என்று நினைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. சென்னையில் இந்த ஆட்டம் மொட்டை மாடி ஏறியது ஏன் என்று புரிந்தது.)

கோர்ட்டின் நீளம் வடக்கு - தெற்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் ஒருத்தருக்கும் சாயங்காலம் இன்னொருத்தருக்கும் சூரியன் கண்ணைக் குத்தும். மாமா நான்கு மூலையிலும் ஆணி அடித்துக் கயிறு கட்டி, குறுக்கே டேப் பிடிக்கச் சொன்னார்.

"மூலைவிட்டம் நாப்பத்தெட்டடி நாலு அங்குலம் வரணும். ரெண்டு பக்கமும் வந்தாத்தான் மூலை மட்டம் சரி."

வந்தது. கொல்லையின் நீளம் 72 அடி. வடக்கே 12 அடி மிச்சம்.

"பாத்தியை வடக்கு வேலி ஓரமாத் தள்ளிடலாம். இந்த ஊர்ல சூரியன் தெக்கே சாஞ்சுதான் போறான். அங்க வேலி நெழல் விழாது. இப்ப இருக்கறதைவிட நல்லாவே வரும்" என்றார் மாமா. அவ்வளவுதான். ஒரு மாதமாக அக்காவும் அத்தானும் போட்ட சண்டைக்கு மூன்று வாக்கியத்தில் தீர்ப்பு.

காண்ட்ராக்டர் ஒருவர் வந்து 38 ஆயிரம் டாலர் என்றார். மாமா எஸ்டிமேட்டை வாங்கி, ஆபீஸ் பழக்கத்தில் பென்சிலால் கோடு போட்டார். விளக்குக் கம்பம் வேண்டாம். ஜூலையில் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் பொழுதே சாய்கிறது; டிசம்பரில் நாலரைக்குள் இருட்டினாலும், அப்போது மழையில் யார் ஆடப் போகிறார்கள்? சுற்றிலும் உயரக் கம்பி வலை வேண்டாம். கீரைப் பக்கம் மட்டும் போதும். கை வைக்கக் கூடாதது எது என்பதையும் அவரே சொன்னார். அடியில் 4 அங்குலம் சல்லி, நன்றாக இடித்து இறுக்கி. அதன்மேல் 4 அங்குலம் கான்கிரீட். பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம், அதுவும் ஒரே பக்கமாக. நடுவில் மேடு வைத்தால் பந்து பொய் சொல்லும். கடைசியில் 29 ஆயிரத்துக்கு இறங்கியது.

நான் கணக்குப் போட்டேன். பத்து வருஷம், வருஷத்தில் ஆறு மாதம், வாரம் மூன்று நாள். ஒரு நாள் ஆட்டத்துக்கு 37 டாலர் விழுகிறது. நடுவில் மறுபடி பெயிண்ட் அடிக்கிற செலவு தனி. இதை அக்காவிடம் காட்டினால் திட்டத்துக்கு மங்களம் பாடிவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ, "சுகர் வந்தா பத்து வருஷத்துக்கு என்ன ஆகும், அதையும் போடேன்" என்றாள். காமர்ஸ் படிப்பில் இந்த கேள்விக்குச் சிலபஸ் இல்லை.

மிச்சம் இருந்தது கிழக்கு வேலி.

இந்த ஆட்டத்தின் நிஜமான செலவு கான்கிரீட் இல்லை ஸார், சத்தம். டென்னிஸில் நரம்பு மட்டை, கம்பளி சுற்றின ரப்பர் பந்து. 'தொப்' என்று அடங்கிப் போகும். இங்கே மட்டையும் கெட்டி, பந்தும் கெட்டி பிளாஸ்டிக். 'டொக்!' நம் காது சுருக்கென்று பிடித்துக்கொள்கிற சுருதி. தடுப்பு இல்லாவிட்டால் நூறு அடி தள்ளியும் 70 டெசிபல் வரை போகும் என்று அளந்திருக்கிறார்கள். ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீராக இருந்தால் பழகிவிடும். இது எப்போது வரும் என்று தெரியாமல் வருகிற 'டொக்'. அமெரிக்காவில் பக்கத்து வீடுகள் கோர்ட்டுக்கு எதிராக கோர்ட்டுக்கே போயிருக்கின்றன. 2023-ல் அமெரிக்கப் பிக்கிள்பால் சங்கம், சத்தம் குறைந்த மட்டைகளுக்கும் பந்துகளுக்கும் தனிப் பிரிவே ஆரம்பித்தது.

"என் எடம். சத்தச் சட்டமெல்லாம் ராத்திரிக்குத்தான். பகல்ல ஆடினா யாரும் கேட்க முடியாது மச்சான்" என்றார் அத்தான் என்னிடம், தனியாக.

அது வாஸ்தவம். பெரும்பாலான ஊர்களில் சட்டம், ராத்திரி தூங்குகிறவர்களுக்காக எழுதப்பட்டது. ராத்திரி கண் விழிக்கிறவர்களுக்கு அதில் பக்கம் ஒதுக்கவில்லை. எனக்கு அத்தான் பேச்சு பிடிக்கவில்லை. அக்கா வீட்டில் உண்டு உறங்குகிறவன், வாயைத் திறக்கவில்லை. அக்கா திறந்தாள். கையோடு அத்தானை இழுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனாள். பின்னாலேயே நானும்.

நர்ஸ் அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. வாரத்தில் மூன்று ராத்திரி, சாயங்காலம் ஏழிலிருந்து காலை ஏழு வரை பன்னிரண்டு மணி நேர டியூட்டி. எந்த மூன்று ராத்திரி என்பது வாரத்துக்கு வாரம் மாறும். "விடியற்காலை நாலு மணிக்கு மருந்து அளந்து ஊசியில் ஏற்றுகிறேன். முந்தின பகல் நான் தூங்கியிருக்கிறேனா என்பது, கட்டிலில் படுத்திருக்கிறவருடைய பிரச்னை" என்றார்.

அத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது. "வேண்டாம், விட்டுடலாம்" என்று தமிழில் அக்காவிடம் முணுமுணுத்தார்.

நர்ஸ் அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் படிக்கத் தெரியும், அதுதானே தொழில். "எதற்கும் ஒரு தடவை அடித்துக் காட்டுங்களேன்" என்றார்.

அடுத்த வியாழன் காலை எட்டரை மணி. அம்மாள் டியூட்டி முடிந்து வந்து, ஜன்னலைச் சாத்திப் படுத்துக்கொண்டார். கையில் போன். நானும் அத்தானும் எங்கள் கார் நிறுத்தும் சிமெண்ட் தளத்தில் எதிரெதிரே நின்றோம். முதலில் சாதாரணப் பந்து. நாலே 'டொக்'. போன் அடித்தது. "அசல் நரகம்" என்றார். இரண்டாவது, சத்தம் குறைந்த மட்டையில் அதே பந்து. "கேட்கிறது. சனிக்கிழமை பரவாயில்லை. டியூட்டி முடிந்த நாளில் கூடாது." மூன்றாவது, ஸ்பாஞ்ச் மாதிரி ஃபோம் பந்து. அடித்தோம். பதில் இல்லை. பத்து நிமிஷம் அடித்தோம். போனே வரவில்லை. கோபித்துக்கொண்டு விட்டாரோ என்று அத்தானுக்கு வியர்த்தது. அக்கா மெதுவாகப் போய் வாசலில் காது வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"குறட்டை" என்றாள்.

ஃபோம் பந்தில் ஆடினால் ஆட்டம் கொஞ்சம் மந்தம்தான். சூரர்கள் முகம் சுளிப்பார்கள். சுகருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மாதாமாதம் நர்ஸ் அம்மாளின் டியூட்டி சார்ட் இப்போது அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில், திருப்பதி பெருமாள் காந்தத்துக்கு அடியில். அவர் டியூட்டி முடிந்து வருகிற நாட்களில் சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஃபோம் பந்து மட்டும். மற்ற நாட்களில், சத்தம் குறைந்த மட்டையோடு சாதாரணப் பந்து. எழுதிக் கையெழுத்தெல்லாம் போடவில்லை. போட்டிருந்தால் அத்தான் அதில் ஓட்டை தேடியிருப்பார் என்பது அக்காவின் கருத்து.

ஆகஸ்டில், நான் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது கான்கிரீட் போட்டார்கள். 28 நாள் ஆறின பிறகுதான் பெயிண்ட். வழுக்காமல் இருக்க, மணல் கலந்த அக்ரிலிக் பெயிண்ட். இரண்டு அங்குல வெள்ளைக் கோடு. அதற்கு முன் கான்கிரீட் பதமாக வேண்டுமே? இங்கே சாதாரணமாக ஒரு ரசாயனத்தைத் தெளித்துவிட்டுப் போய்விடுவார்களாம். மாமா தலையை ஆட்டினார். "தண்ணிதான் ஊத்தணும்." காண்ட்ராக்டர் சிரிப்பார் என்று பார்த்தால், "பெரியவர் சொல்வதுதான் சரி. அந்த ரசாயனம் இருந்தால் பெயிண்ட் ஒட்டாது" என்று கும்பிடாத குறை.

ஆக, ஒரு வாரம் மாமாவுக்கு டியூட்டி. காலை ஏழரை மணிக்கு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹோஸ் பைப்பைப் பிடித்து, முக்கால் கிரவுண்டு கான்கிரீட்டுக்கு மூலை முடுக்கெல்லாம் பொறுமையாகத் தண்ணீர் பாய்ச்சினார். பாத்தியிலும் தண்ணீர், கான்கிரீட்டிலும் தண்ணீர். மூன்றாம் நாள், டியூட்டி முடிந்து வந்த நர்ஸ் அம்மாள் காரை நிறுத்திவிட்டு வேலி ஓரம் வந்தார். சிமெண்ட் தரைக்குத் தண்ணீர் விடுகிற பெரியவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதில் என்ன பயிர் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

மாமா யோசிக்கவே இல்லை.

"பிக்கிள்" என்றார்.